அயுத்தயாவில் தந்த செருப்பு

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போங்கள், எனக்கு அதில் ஒரு கோபமும் இல்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் சிரித்திருப்பேன். பேய், ஆவி என்று யாராவது கதையைத் தொடங்கினால் எழும்பிப் போய்க் குசினியில் கோப்பை கழுவுகிறவள் நான். என் வேலை அப்படி. மூக்குக் கண்ணாடிக்கு வில்லை செய்யும் இடத்தில் ஏழு வருடமாக நிற்கிறேன், முடிந்து வரும் வில்லைகளைச் சின்ன இடுக்கி மாதிரி ஒரு கருவியால் தடிப்பு அளந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கீறல் இருந்தால் திருப்பி அனுப்புவது என் பொறுப்பு. கண்ணால் பார்த்ததை மட்டும் நம்பத்தான் எனக்குச் சம்பளம். அதனால்தான் சொல்கிறேன், இதையும் நான் கண்ணால் பார்த்தேன்.

முதலில் இவருடைய கதையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. இவர் என்றால் என் மனுசன், சிவம். நாங்கள் கலியாணம் முடித்து ஒன்றரை வருடத்தில் என்னை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு, கள்ளமாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனை நம்பிக் கனடாவுக்குப் புறப்பட்டவர். பாங்கொக்கில் ஏழு மாதம் நின்றுவிட்டார். நின்றார் என்பதைவிட அடைபட்டார் என்பது சரி. ஒரு மாடி அறை, ஒன்பது ஆண்கள், விசா முடிந்துபோனதால் யாரும் வெளியே கால் வைக்கக் கூடாது, ஏஜென்சிக்காரன் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போவான், சாப்பாடு ஒரு நேரம் வரும் ஒரு நேரம் வராது. முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன ஒரு கலண்டர் மட்டும் சுவரில் தொங்கியதாம். அதில் அயுத்தயாவின் படம். தாய்லாந்து அரசர்களின் பழைய தலைநகரம், மூன்று பெரிய தூபிகள் வரிசையாக நிற்கும் படம்.

அந்த ஒன்பது பேரில் தவம் என்று ஒருவன். இருபத்தாறு வயது, மெலிந்த ஆள், சேட்டின் மேல் பொத்தானையும் கழுத்தோடு பூட்டிக்கொள்வானாம், அந்த வெக்கையிலும். அவன்தான் அந்த அறையில் எல்லோருக்கும் உயிர் கொடுத்தவன் என்று இவர் சொல்வார். பின்னேரமானால் கலண்டருக்கு முன்னால் எழும்பி நின்று, "வாங்கோ, இண்டைக்கு அயுத்தயா சுத்திப் பார்ப்பம்" என்று தொடங்குவானாம். ஒரு நாளும் அந்த ஊரைக் கண்டிராதவன். படத்தில் இல்லாததை எல்லாம் தன் பாட்டுக்குச் சொல்லுவான். முதல் தூபியின் பின்பக்கம் பதினேழு படி, அதில் ஒன்பதாம் படி உடைந்தது, காலைப் பார்த்து வையுங்கோ. மூன்றாம் தூபி தாண்டினால் குட்டைச் சுவர், அதில் ஒரு ஓட்டை, குனிந்து பார்த்தால் தலையில்லாத புத்தர், இடது கைப் பெருவிரல் இல்லை. அங்கே காது கிழிந்த மண்ணிற நாய் ஒன்று படுத்திருக்கும், எழும்பி முன்னால் நடக்கும், அதன் பின்னால் போனால் ஒரு பெரிய மரம். மரத்தடியோடு நிறுத்திவிடுவானாம். "இண்டைக்கு இவ்வளவும்தான். அங்கால இருக்கிறதைக் கடைசி நாள் காட்டுறன்."

ஒன்பது பேரும் ஏழு மாதமாக, நாளுக்கு ஒரு தரம் இப்படி அயுத்தயா போய் வந்திருக்கிறார்கள். ஒருத்தன் படியில் விழுந்ததுபோல் நடிப்பானாம், இன்னொருத்தன் நாய்க்குப் பாண் போடுவானாம். விசர் பிடிக்காமல் இருக்க ஆம்பிளைகள் என்னவெல்லாம் செய்வார்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பிறகு ஒரு நாள் ஏஜென்சிக்காரன் ஒரே ஒரு பாஸ்போட் கொண்டு வந்தான். படத்தில் இருந்த முகம் தவத்துக்கும் பொருந்தும், இவருக்கும் பொருந்தும். முறைப்படி தவத்தின் முறை. அவன், "அண்ணை, நீங்கள் போங்கோ. அக்கா அங்க தனிய. எனக்கு இவையளுக்கு இன்னும் இடம் காட்டக் கிடக்கு" என்று சொல்லிவிட்டான். இவர் வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னாராம், மூன்றாம் தரம் சொல்லவில்லையாம். அந்த மூன்றாம் தரம்தான் இவரை எட்டு வருடம் தின்றது. கார் கீழே வந்து நின்ற அவசரத்தில் அந்த மரத்துக்கு அங்கால் என்ன என்று கேட்கவும் இல்லை.

இவர் ரொறன்ரோ வந்து பார்க்டேலில் ஆறு பேரோடு ஒரு அறையில் இருந்து, அகதி வழக்கு முடித்து, என்னைக் கூப்பிட்டு, மோர்னிங்சைட்டுக்கு நாங்கள் குடிவந்த பிறகும் தவத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கடிதம் இல்லை, போன் இல்லை. அவனுடைய ஊர்ச் சனத்தைக் கண்ட இடமெல்லாம் கேட்பார். ஒருவர் பொலிஸ் பிடித்தது என்பார், இன்னொருவர் கப்பலில் போனான் என்பார், எல்லாமே கேள்விப்பட்ட கதை. சில நாள் சாப்பிடும்போது கையை அப்படியே வைத்துக்கொண்டு, "அவன் அந்த அறைக்குள்ளேயே கிடந்து முடிஞ்சிருப்பான்" என்று சொல்வார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. என்னால்தான் அவன் நின்றான் என்று எனக்கும் தெரியும்தானே.

தொண்ணூற்றாறில் சிங்கப்பூரில் என் தமையனின் மகளுக்குக் கலியாணம். கனடாப் பாஸ்போட் கையில் இருந்தது. திரும்பும்போது பாங்கொக்கில் இரண்டு நாள் நிற்போம் என்று இவர் கேட்டார். இந்த மனுசன் வாய் திறந்து எதையும் கேட்கிறவர் இல்லை, நான் உடனே ஓம் என்றேன்.

ஹோட்டல் வாசலிலிருந்தே அயுத்தயாவுக்குச் சுற்றுலா பஸ். எங்களோடு ஒரு பத்துப் பேர், எல்லாரும் வெள்ளைக்காரர். நொய் என்று ஒரு தாய்லாந்துப் பெண் வழிகாட்டி, சிரித்த முகம். உண்மையைச் சொல்லட்டோ, எனக்கு நல்ல சந்தோசம். பாங்கொக் ரோட்டில் போகும்போது ஒரு பொலிஸ்காரனைக் கண்டதும் இவர் பழக்க தோஷத்தில் தலையைக் குனிந்தார், பிறகு தனக்குத்தானே சிரித்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். அதைப் பார்த்ததே எனக்குப் போதும்.

முதலில் ஒரு பெரிய தூபியும் சுற்றிவர மஞ்சள் துணி போர்த்திய புத்தர்கள் வரிசையும் உள்ள கோயில். பிறகு மரத்தின் வேருக்குள் புத்தரின் முகம் மட்டும் அகப்பட்டு நிற்கும் இடம், அந்த முகத்தைவிட உயரமாக நின்று படம் எடுக்கக் கூடாது என்று நொய் சொல்ல எல்லோரும் முழங்காலில் இருந்தோம். பக்கத்தில் ஒரு அம்மா, மடியில் பூவை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கும்பிட்டபடி இருந்தா. எங்கள் நாட்டில் புத்தர் என்றால் எங்களுக்கு என்ன என்ன ஞாபகமெல்லாம் வரும் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே ஒன்றும் வரவில்லை. நானும் கும்பிட்டேன்.

மத்தியானம் இரண்டு மணி போல் பழைய அரண்மனைக்கு வந்தோம். அரண்மனை என்று சொல்ல அத்திவாரம்தான் மிச்சம், பர்மாக்காரர் எரித்துவிட்டார்களாம். அதோடு ஒட்டி அரசர்களின் கோயில், அரசர்களின் சாம்பல் வைத்த மூன்று தூபிகள். கலண்டரில் இருந்தது இதுதான். இவர் பஸ்ஸை விட்டு இறங்கி அப்படியே நின்றார்.

நான் வாசலில் செருப்பைக் கழற்றினேன். நொய் ஓடிவந்து, இது இடிந்த இடம், செருப்போடு போகலாம் என்றாள். கோயில் என்றால் கோயில்தான், இடிந்தால் என்ன என்று நான் விட்டுவிட்டுப் போனேன். எங்கள் சனத்தைத் தவிர வேறு யாரும் செய்யாத வேலை. வெயிலில் காய்ந்த செங்கல் தோசைக்கல் மாதிரிச் சுட்டது, திரும்பிப் போக ரோசம் விடவில்லை.

நொய் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு பக்கம் போக, இவர் மற்றப் பக்கம் நடந்தார். முதல் தூபியின் பின்பக்கம். படியை எண்ணினார். நானும் எண்ணினேன், பதினேழு. ஒன்பதாம் படி உடைந்திருந்தது.

"ஏதேனும் புத்தகத்தில பாத்திருப்பான்," என்றேன்.

"ஓம்," என்றார் இவர். அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டார்.

மூன்றாம் தூபி தாண்டினோம், குட்டைச் சுவர், ஓட்டை. இவர் குனிந்து பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். தலையில்லாத புத்தர், இடது கைப் பெருவிரல் இல்லை. நான் அப்போதும் விடவில்லை. இந்த ஊரில் தலையில்லாத புத்தர் நூறு இருக்கு, விரல் உடைந்தது ஐம்பது இருக்கும் என்றேன். சுவரோரம் காது கிழிந்த மண்ணிற நாய் எழும்பிச் சோம்பல் முறித்தது. தெருநாய் என்றால் காது கிழிந்துதான் இருக்கும் என்றும் சொல்லியிருப்பேன், ஆனால் வாய் வரவில்லை.

நாய் நடந்தது, இவர் அதன் பின்னால் போய் ஒரு மதில் மூலையில் திரும்பி மறைந்துவிட்டார். என்னால் ஓட முடியவில்லை. பாதம் இரண்டும் கொதித்தது, புல் இருக்கும் இடம் தேடி ஒற்றைக் காலில் கெந்திக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் பக்கத்தில் ஒருவன் குனிந்து ஒரு சோடி றப்பர் செருப்பை என் காலடியில் வைத்தான். போடுகிற பக்கமாகத் திருப்பி, ஒழுங்காக வைத்தான்.

"கல்லு சுடும் அக்கா, இதைப் போடுங்கோ."

போட்டேன். அந்த நேரத்தில் யார் எவர் என்று பார்க்கத் தோன்றுமா? ஆம்பிளைச் செருப்பு, கொஞ்சம் பெரிது. அப்பாடா என்று இருந்தது. அவன் மதில் பக்கம் கையைக் காட்டி, "அண்ணையிட்டைச் சொல்லுங்கோ, அங்கால பெரிசா ஒண்டுமில்லை. ரெண்டு பேர் இருந்து களைப்பாற ஒரு நிழல்தான்" என்றான். சரி தம்பி என்று சொல்லிவிட்டு நடந்தேன். மெலிந்த ஆள். வேறு என்ன பார்த்தேன் என்றால், கழுத்துப் பொத்தான் பூட்டியிருந்தது. அவ்வளவும்தான் பார்த்தேன். தமிழ் காதில் விழுந்ததும் எனக்கு விசித்திரமாக இருக்கவில்லை, பிறந்த நாளிலிருந்து கேட்கும் பேச்சு, அது எந்த நாட்டில் கேட்கிறது என்று யார் யோசிப்பார்கள்.

மூலை திரும்பினால் பெரிய மரம், அதன் கீழ் இவர் ஆடாமல் அசையாமல் நின்றார். நாயைக் காணவில்லை.

"இதோட நிப்பாட்டிப் போடுவான். அங்கால என்ன எண்டு சொல்லேல்லை," என்றார். போகப் பயப்படுகிறார் என்று எனக்கு விளங்கியது.

"அங்கால பெரிசா ஒண்டுமில்லையாம். ரெண்டு பேர் இருந்து களைப்பாற ஒரு நிழல்தானாம்."

"ஆர் சொன்னது?"

"செருப்புத் தந்த பெடியன்."

சொல்லி முடித்த பிறகுதான், அவன் தமிழிலல்லவோ பேசினான் என்று எனக்கு உறைத்தது. திரும்பி ஓடினேன். அந்தச் செங்கல் வெளி முழுக்க ஒரு குருவி இல்லை. குட்டைச் சுவருக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. பிறகு நொய்யைக் கொண்டு காவலாளியிடம் கேட்பித்தோம், உங்கள் பஸ்ஸைத் தவிர இந்த ஒரு மணித்தியாலத்துக்குள் யாரும் உள்ளே வரவில்லை என்று அவர் கையை விரித்தார்.

மரத்துக்கு அங்கால் நாங்கள் போனோம். விழுந்த தூண் ஒன்று நிழலில் கிடந்தது, சரியாக இரண்டு பேர் இருக்கலாம். இருந்தோம். இவர் குனிந்து என் காலைப் பார்த்தார், ஒரு செருப்பைக் கழற்றி மடியில் வைத்தார். வார் அறுந்து நீல நூலால் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்திருந்தது.

"இது நான் தைச்சது," என்றார். "கறுப்பு நூல் இல்லை. அவன்ர சேட்டு ஓரத்தில இருந்து உருவின நூல். கனடாவுக்கு எண்டு புதுசா வாங்கி வந்தவன், அறைக்குள்ள வைச்சே வார் அறுந்து போச்சு."

நான் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன், என் பழக்கம் அது, எதையும் திருப்பிப் பார்ப்பது. ஏழு மாதம் வெளியே ஒரு அடி வைக்காத மனுசனின் செருப்பு. குதிக்கால் பக்கம் அப்பளம் மாதிரித் தேய்ந்திருந்தது, கோடு ஒன்று மிச்சமில்லை, வருடக்கணக்காக நடந்தால்தான் அப்படித் தேயும். இவர் அந்த அடியைப் பெருவிரலால் தடவினார், கண்ணீர் வழிந்துகொண்டே சிரித்தார்.

"நல்லாச் சுத்திப் பாத்திருக்கிறான்," என்றார்.

அவன் இருக்கிறானா இல்லையா என்று எங்களுக்கு இன்றைக்கும் தெரியாது. உயிரோடு அந்த ஊரிலேயே இருக்கிறான் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அப்படியென்றால் ஏன் இவர் முன்னால் வரவில்லை என்று நான் திருப்பிக் கேட்பேன். ஆனால் அறைக்குள்ளேயே கிடந்து முடிந்திருப்பான் என்ற பேச்சு அன்றோடு இந்த வீட்டில் நின்றுவிட்டது. அந்தத் தூணில் இருந்து, பையில் கிடந்த சிங்கப்பூர் முறுக்கை இரண்டு பேரும் கடித்துக்கொண்டு, நொய் வந்து கூப்பிடும் வரைக்கும் இருந்தோம். என் கலியாண வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியான அரை மணித்தியாலம் வேறு இல்லை. வாசலில் என் செருப்பு விட்ட இடத்தில் அப்படியே கிடந்தது.

றப்பர் செருப்பை ரொறன்ரோவுக்குக் கொண்டு வந்தோம். கழுவித் துடைத்து, வாசலோடு இருக்கும் சுவர் அலுமாரியின் மேல் தட்டில், பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்தேன். வைக்கும் முன் வேலையிடத்துக் கருவியைக் கொண்டுவந்து குதிக்கால் தடிப்பை அளந்தேன், ஏன் அளந்தேன் என்று கேட்காதீர்கள், நாலு மில்லிமீற்றர். இவர் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார், படுத்தால் குறட்டை கீழ் வீட்டுக்குக் கேட்கும். கிழமைக்கு ஒரு தரம் பிள்ளைகளுக்கு அயுத்தயா சுற்றிக் காட்டுகிறார், சுவரில் கலண்டர் இல்லாமலே.

இத்தோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்குச் சொல்லியே இருக்க மாட்டேன்.

போன மாசியில், பெரிய பனி கொட்டிய கிழமை, கையுறை தேடி மேல் தட்டை இழுத்தபோது அந்தப் பை விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். திரும்ப அளந்தேன். மூன்று மில்லிமீற்றர். இரண்டு செருப்பையும் மூன்று மூன்று தரம் அளந்தேன், மூன்றுதான். யாரும் போடாத செருப்பு எப்படித் தேயும்? பிள்ளைகளுக்கு எட்டாத உயரம், இவர் தொட மாட்டார். அதைவிட அந்த வாரின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. நாக்கால் தொட்டுப் பார்த்தேன், சிரிக்காதீர்கள். உப்பு. பனி உருக எங்கள் ரோட்டில் கொட்டுகிறார்களே, எங்கள் எல்லாருடைய சப்பாத்திலும் படிகிறதே, அதே உப்பு.

இவருக்கு நான் சொல்லவில்லை. கனடாவுக்கு என்று வாங்கிய செருப்பு, அது வந்து சேர்ந்துவிட்டது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். பையிலிருந்து எடுத்து, வாசலில் எங்கள் சப்பாத்துகளோடு சேர்த்து, போடுகிற பக்கமாகத் திருப்பி வைத்தேன். இந்தக் குளிரில் றப்பர் செருப்போடு எப்படி நடப்பது, அதனால் இவருடைய தடித்த கம்பளிக் காலுறை ஒரு சோடியையும் அதற்குள் வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் வேலைக்கு இறங்கும்போது தொட்டுப் பார்த்தேன். காலுறை ஈரமாக இருந்தது.